கஸ்தூரிரங்கன் கையில் எழுந்த தேங்காய்

சேலையூரில் கஸ்தூரிரங்கன் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. புதிதாக ஒன்று போட்டே தீருவதென்று அவர் தீர்மானித்தார். இடத்தையும் அவரே தேர்ந்தார்: மனைவி நாகலக்ஷ்மியின் முல்லைப் பந்தல்.

"ஏன்னா, தண்ணி வத்தலை. குழாயில உப்பு படிஞ்சு அடைச்சிண்டிருக்கு. வென்னீர்த் தவலையைப் பாருங்கோ, உள்ளே வெள்ளையா ஓடு கட்டியிருக்கு. தண்ணியைப் பீச்சி ஜெட் அடிக்கிறவாளைக் கூப்பிட்டா உடைச்சு எடுத்துடுவா."

"பாத்திரம் தேய்க்கிற யோசனையைப் பூமிக்குள்ள இறக்காதே. பக்கத்தாத்து பக்தவச்சலம் புதுசு போட்டுட்டார். நான் மட்டும் பழசைச் சுரண்டிண்டு உக்காரணுமா?"

"சரி, நீரோட்டம் பாக்கிறவர் சொல்லட்டும். அவர் இங்கதான்னு சொன்னா பந்தலைப் பிரிச்சுடறேன்."

இவ்வளவு எளிதில் இணங்கியவளை அவர் சந்தேகித்திருக்க வேண்டும். தம் வெற்றியென்று எடுத்துக்கொண்டார்.

நீரோட்டம் பார்க்கப் படப்பையிலிருந்து கதிரேசன் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் காய் எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. பந்தலடியில் அது படுத்தே கிடந்தது.

"இங்க ஒண்ணும் இல்ல சார்."

"உம்ம கை சரியில்லை ஓய். இப்படிக் கொடும்."

காயைப் பிடுங்கித் தம் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுவதும் நடந்தார் கஸ்தூரிரங்கன். தெருவில் பாதிப் பேர் மதிலோரம் நின்று பார்த்தார்கள். காய் அசையவில்லை. பழைய கிணற்றை அவர் கடந்தபோது நாகலக்ஷ்மி மெதுவாகச் சொன்னாள்:

"ஏன்னா, கால்கிட்ட அரணை."

அவர் துள்ளினார். காய் செங்குத்தாக எழுந்து நின்றது.

"பழைய போர் மேலயே நிக்குது சார்" என்று கதிரேசன் கும்பிட்டார். அடுத்த நிமிடம் ஜெட் வண்டி வாசலில் வந்து நின்றது.

"இதை எப்போடி கூப்பிட்டே?"

"காலம்பறவே."

அநியாயம் என்று கத்த நினைத்தார். கத்தினால் அரணைக்குப் பயந்த கதையையும் ஊரறியச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

மோட்டாரை வெளியே எடுத்துவிட்டுக் குழாய்க்குள் ஹோஸை இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் சீறியடிக்க, உப்புப் பாளங்கள் உடைந்து சுண்ணாம்புக் குழம்பாக வெளியே வந்தன. மாலையில் தொட்டி நிரம்பி வழிந்தது. அதிலும் அவருக்கு ஆத்திரந்தான்.

பக்தவச்சலம் பவ்வியமாக வந்தார்.

"சார், உங்க கையில இம்மாம் ராசி கீதுன்னு தெரியாமப் போச்சு. நம்ம வூட்டு புது போர்லயும் தண்ணி கொறஞ்சிகினே வருது. ஒரு தபா வந்து தேங்கா புடிச்சுப் பாருங்க சார்."

உண்மையைச் சொல்லிவிடுவதென்று கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். நாகலக்ஷ்மி முந்திக்கொண்டாள்.

"பேஷா வருவார். கூடவே நானும் வரேன். நான் பக்கத்தில இல்லேன்னா அவர் கையில காய் நிக்காது."