துரை வீட்டு நாய்

பார்க்கின் நடுப்பாதையில் டைகர் உட்கார்ந்துவிட்டது.

சோலைமலை சங்கிலியை மெதுவாக இழுத்துப் பார்த்தான். நாய் அவன் பக்கமே திரும்பவில்லை. குளத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்த பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க டைகர். இன்னைக்கு ஒரு நாளைக்குத் தயவு பண்ணுங்க."

அந்த நாயிடம் அவன் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து நாய்களைக் கல்லெடுத்து விரட்டுகிறவன்தான். ஆனால் இது தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டு நாய். 'வா, போ' என்று வாய் தவறி ஒரு வார்த்தை வந்து, அது துரை காதில் விழுந்துவிட்டால் என்ன ஆவது?

அன்றைக்கு அவனுக்குக் காலில் நெருப்பு பட்ட மாதிரி அவசரம். மகள் பூரணிக்குப் பரிசம் போட உடப்புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியான பஸ்ஸில் வருகிறார்கள். நுவரெலியா டவுனில் இறங்கும்போது பெண்ணின் அப்பா நின்று கும்பிட்டு அழைத்து வரவேண்டும். பார்க் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்தான். நாயையும் நடத்திவிடலாம், சம்பந்தியையும் கூட்டிவந்துவிடலாம் என்று அவன்தான் திட்டம் போட்டிருந்தான்.

அவன் மனைவி பேச்சியம்மா காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். கல்யாணக் காரியம் நடக்கிற அன்றைக்காவது அந்த நாயை விடக்கூடாதா என்று கேட்டாள். அவன் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பதில் அவளுக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது மலையில் சரிந்து விழுந்து அவனுக்கு முழங்கால் போனது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா இரக்கப்பட்டு அவனைப் பங்களாத் தோட்டத்துக்கு அனுப்பினார். அதே வாரம்தான் இந்தத் துரையும் புதிதாக வந்து இறங்கினார். பெட்டிகளும் நாற்காலிகளும் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் இந்த நாய் படுத்திருந்தது. துரை அதைக் கைத்தடியால் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் "கொண்டு போ" என்றார். சோலைமலை கொண்டு போனான். தேயிலை மலை வழியாக இறங்கி, டவுன் பார்க்கில் குளத்தைச் சுற்றி நடத்தி, சாயங்காலம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். மறுநாள் யாரும் சொல்லாமலே கூட்டிப்போனான். துரை ஒன்றும் சொல்லவில்லை. துரை ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை சரி என்று அர்த்தம். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

அன்றிலிருந்து மழையானாலும் தீபாவளியானாலும் நடை நின்றதில்லை. கொத்மலையில் அவனைப் பெற்றவள் செத்தபோது, நாயை நடத்திவிட்டுப் போனதால் மண் மூடிய பிறகுதான் போய்ச் சேர்ந்தான். பங்களா வேலை போனால் இந்த முழங்காலோடு மலை ஏற முடியாது. மலை ஏற முடியாதவனின் பேரைத் தோட்டத்துப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்தில் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போகும். பெண்ணை எந்த வாசலில் நிற்க வைத்துக் கல்யாணம் செய்வது?

ஆகவே நாய் எழுந்திருக்க வேண்டும். அது எழுந்திருக்கவில்லை.

பசியாக இருக்கும் என்று தோன்றியது. பெஞ்சுக் காலில் சங்கிலியைக் கட்டிவிட்டு, கேட்டுக்கு எதிரே இருந்த ஹுசைன் நானாவின் கடைக்கு நொண்டிக்கொண்டே ஓடினான். ஹுசைன் எட்டிப் பார்த்துவிட்டு, நாய்க்கு வயசாகிவிட்டது, குளிரில் விறைத்திருக்கும், சூடாக ஏதாவது உள்ளே போனால் சரியாகும் என்றார். ஒரு பன்னைச் சூடான பாலில் தோய்த்துக் கொடுத்தார்.

டைகர் பன்னை முழுசாகச் சாப்பிட்டது. சாப்பிட்ட அசதியில் படுத்தும் விட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. சோலைமலை நாயைக் கம்பளியில் சுற்றினான், முக்கி முனகித் தோளில் தூக்கினான், நடந்தான். கன்றுக்குட்டி பாரம். பார்க் காவல்காரர் வழக்கம்போல எழுந்து நின்றார். அந்த மரியாதை நாய்க்குத்தான் என்று சோலைமலைக்குத் தெரியும். இருந்தாலும் அவன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அப்பா சிவசாமி பஸ்ஸை விட்டு இறங்கி வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் கங்காணி. பக்கத்தில் அவர் சம்சாரம், கையில் பரிசத் தட்டு. பட்டுச் சேலை, தேங்காய், வெற்றிலை, பூ, எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. பின்னால் உறவுக்காரர்கள் நாலைந்து பேர்.

சோலைமலைக்குக் கும்பிடக் கை இல்லை. தலையைக் குனிந்து, "வாங்க சம்பந்தி" என்றான். கம்பளி மூட்டைக்கு வெளியே ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?" என்றார் சிவசாமி.

"துரை வீட்டு நாய்ங்க."

சிவசாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. துரைக்கு இவ்வளவு வேண்டப்பட்டவர் என்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்தது. அவர் சம்சாரமும், பாவம் வாயில்லா ஜீவன் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தாள். அவள் வராமல் இருந்திருக்கலாம். டைகர் கழுத்தை நீட்டி, பாலையும் பன்னையும் பரிசத் தட்டின் மேல் கக்கியது.

பூவிலிருந்து பால் சொட்டிய சத்தம்தான் கேட்டது.

துடைக்கிறேன் பேர்வழி என்று சோலைமலை ஒரு கையை விடுவித்து, கம்பளி நுனியால் பட்டுச் சேலையைத் தேய்த்தான். கம்பளியில் இருந்த பார்க்குச் சேறும் சேலையில் ஏறியது. அந்த அம்மாள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தேங்காய் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

அவன் மளமளவென்று மன்னிப்புக் கேட்டான். நாய்க்கு உடம்பு சரியில்லை, பார்க் குழாயில் கழுவிவிட்டு உடனே வந்துவிடுகிறேன், நீங்கள் முன்னால் போங்கள், ரோட்டோரமாகப் போய் ஆலமரத்துக்கு, இல்லை, சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில் இடது பக்கம் திரும்பினால் எங்கள் லயம்தான் என்று வழி சொன்னான். பதற்றத்தில் வலது கையைத்தான் காட்டினான்.

அவர்கள் கையைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

குழாயடியில் டைகரை இறக்கி வாயைக் கழுவிவிட்டான். அது அவன் முழங்கால் மேல் தலையை வைத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அது அப்படிச் செய்ததே இல்லை. அவனுக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் பட்டது.

"அப்படித்தான். கொஞ்ச நேரம் படுங்க. பொறவு போயிரலாம்" என்றான்.

அது ஒரு முறை நீளமாக மூச்சு விட்டது. அடுத்த மூச்சுக்காக சோலைமலை காத்திருந்தான். மழைத்தண்ணீர் நாயின் திறந்த கண்ணில் விழுந்தும் அது இமைக்காதபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

அங்கேயே விட்டுவிட்டு மகளின் பரிசத்துக்கு ஓடிவிடலாம். அந்த நினைப்பு வந்தது. துரை வீட்டு நாயைப் பார்க்கில் அநாதையாகப் போட்டுவிட்டுப் போனான் என்று காவல்காரர் சொல்ல மாட்டாரா? மறுபடி கம்பளியில் சுற்றித் தூக்கினான். உயிர் போன பிறகு பாரம் கூடியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து எழுந்து, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறினான்.

பாதி மலை ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே ஆட்கள் இறங்கி வந்தார்கள். சம்பந்தி வீட்டார்.

வலது பக்கம் திரும்பி, பக்கத்துத் தோட்டத்து லயத்துக்குப் போய், அங்கே ஒரு சாவு வீட்டில் வரிசைத் தட்டோடு நுழைந்து, விரட்டப்படாத குறையாகத் திரும்பி, தொப்பலாக நனைந்து ஒரு வழியாக அவன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டதற்கு பேச்சியம்மா பாயை விரித்துக்கொண்டே, வந்துவிடுவார், நாயோடு போயிருக்கிறார் என்றாளாம். அவர்கள் காத்திருந்தார்கள். டீ ஆறியது. கடைசி பஸ் போய்விடுமே என்று எழுந்துவிட்டார்கள்.

பாதை ஒரு ஆள் போகிற அகலம்தான். சோலைமலை ஒதுங்கத் தேயிலைச் செடிக்குள் இறங்கினான். கம்பளி விலகி நாயின் தலை தொங்கியது. சிவசாமியின் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"செத்துப்போச்சா?" என்றார் சிவசாமி.

"ஆமாங்க."

கோபமாகப் பேசவில்லை. களைத்துப் போனவர் மாதிரித்தான் பேசினார்.

"உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நல்ல புள்ள. ஆனா, பரிசத்தன்னைக்கு நாய்க்குப் பொறவு நிக்கிற வீட்டுல எங்க பையனுக்கு என்னங்க மருவாதி இருக்கப் போவுது?"

ஒருவர் பின் ஒருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். பரிசத் தட்டு துணி மூடி அவர்களோடேயே போனது.

லயத்து வாசலில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பூரணி இரவல் வாங்கிக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அப்பாவின் தோளில் இருந்ததை அவள் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"நாயி சாப்பிட்டுச்சாப்பா?" என்று கேட்டாள்.

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. பங்களாவை நோக்கி நடந்தான்.

குசினியில் செல்லசாமி கோழியை நறுக்கிக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் தெரிந்த சமையல்காரன். நீ போய்த் துரையிடம் பக்குவமாகச் சொல்லேன் என்று சோலைமலை கெஞ்சினான். செல்லசாமி கம்பளியைத் தூக்கிப் பார்த்தான், போர்த்தினான், கையைக் கழுவினான். எனக்கும் மூன்று பிள்ளைகள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு மறுபடி கோழியிடம் போய்விட்டான்.

துரை வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. சோலைமலை படிக்குக் கீழே புல்லில் நாயைக் கிடத்தினான். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"டைகர் செத்துருச்சுங்க தொர" என்றான். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. நான் குறை வைக்கவில்லை என்றான். பால் கொடுத்தேன், தூக்கிச் சுமந்தேன், என் பெண் பரிசம் நின்றுபோனது, பெற்றவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இதைப் பார்த்துக்கொண்டேன், என் பேரை மட்டும் வெட்டிவிடாதீர்கள், இந்தக் காலோடு நான் எங்கே போவேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அழுதே விட்டான். துரைக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

துரை பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து மெதுவாகப் படி இறங்கி வந்தார். நாயைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு, எந்தத் துரையும் எந்தக் காலத்திலும் செய்யாத ஒரு காரியம் செய்தார். சோலைமலையின் நனைந்த தோளில் கையை வைத்தார்.

"ரொம்ப வருத்தம், சோலைமலை. எனக்கு நாய் பிடிக்காது. உன் நாய் ஆச்சே என்றுதான் இத்தனை வருஷம் பங்களாவில் விட்டு வைத்தேன்."