நாற்பத்து மூன்றாம் இதழ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தேநீர் குடித்து முடித்த கையோடு, நான் காமிக்ஸைத் துறந்தேன்.

சாதாரணத் துறவு இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு வருஷம்கூட விடாமல் காமிக்ஸ் மாநாட்டுக்குப் போனவன் நான். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் போனேன். கால் உடைந்த வருஷம் மாவுக்கட்டோடு போனேன். மாமனார் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வருஷமும் போனேன். அதற்கான பலனை இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

துறவுக்குக் காரணம் என் நண்பன் புரூஃப். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மனைவி மக்கள் கிடையாது. காதில் ஒரு சிவப்புப் பென்சில், கையில் எப்போதும் ஒரு சிகரெட். பென்சில் அவனை ஒன்றும் செய்யவில்லை. சிகரெட் அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. அவன் போய் அன்றோடு முப்பது நாள்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஒரு லென்ஸை விரலிடுக்கில் பிடித்தால், கனம் மயிரிழை கூடியிருந்தாலும் சொல்லிவிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். அப்போது சிரிக்க வேண்டாம்.

மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"இனிமே நான் மாநாட்டுக்குப் போகப் போறதில்ல."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசு விட்டுப்போச்சு."

"இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுக்குள்ள மனசு திரும்பி வந்துடும். போவீங்க."

"போக மாட்டேன்."

"போகணும்."

"அந்தக் குப்பையை எப்போ தூக்கிப் போடப் போறீங்க" என்று இருபது வருஷமாகக் கேட்டவள் இவள். கணவன் திருந்திவிட்டான் என்று கண் கலங்குவாள், 'எனக்காகவா' என்பாள், நான் பெருந்தன்மையாகத் தலையாட்டலாம் என்றெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"பெட்டி எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடப் போறேன்."

"ஒண்ணையும் குடுக்க வேணாம். பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"நான் துறவறத்தைப் பத்திப் பேசிட்டிருக்கேன்."

"சாமியாருக்கும் பிரஷர் வரும். போட்டீங்களா இல்லையா?"

போடவில்லை. ஒரு மாதமாகவே ஒழுங்காகப் போடவில்லை. யாருக்காகப் போடுவது என்று ஓர் எண்ணம்.

வழக்கம்போல் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு மாதமாகத் தொடாத பெட்டியைத் திறந்தேன். கடைசி முறையாகத் துடைத்துவிடலாம். என் புத்தகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வைக்கப்பட்டவை. உறையைப் பிரிக்க மாட்டேன். காற்றுப் பட்டால் தாள் மஞ்சளாகும், விரல் பட்டால் ஓரம் மடங்கும். உண்மையான ரசிகன் படிக்க மாட்டான், பாதுகாப்பான். நாற்பத்து இரண்டாம் இதழை எடுத்தேன். எப்போது எடுத்தாலும் 'அந்தக் காலத்துத் தாள், என்ன கனம்' என்று மெச்சிக்கொள்வேன். அன்றைக்கு அதுவும் மெலிந்த மாதிரி தோன்றியது. துக்கத்தில் எல்லாம் மெலிந்துதான் தெரியும் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவன் பஸ் டிரைவர். இன்னொருவன் பல் டாக்டர். நாங்கள் நான்கு பேர், இப்போது மூன்று. நாலாவது நாற்காலியை என் மனைவி பழக்கத்தில் போட்டுவிட்டாள். யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முதல் வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றான் டிரைவர்.

இல்லாமலா. மாநாடு அப்போது ஒரு பழைய கிடங்கில் நடந்தது. மொத்தம் பதினோரு மேஜை. கூரை ஒழுகியது. ஒரு மேஜையில் ஒரே ஒரு புத்தகத்தை நோக்கி நான்கு பக்கத்திலிருந்து நான்கு கை நீண்டது. நான்கு பேருமே அந்த நாற்பத்து மூன்றாம் இதழைத் தேடி வந்தவர்கள். இழுபறியில் மேஜையே சாய்ந்தது. அப்போது ஒரு கை மட்டும் பின்வாங்கி, காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தது. 'இது முப்பத்து நாலு. கடைக்காரர் மாத்தி எழுதியிருக்கார்' என்று விலைச்சீட்டைத் திருத்தியது. அதுதான் புரூஃப்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். 'கலங்கரை விளக்கில் ஒரு கொலை' என்று மூன்று இதழில் முடிகிற துப்பறியும் தொடர். நாற்பத்து ஒன்றில் விளக்குக் காவலாளியை யாரோ இரண்டு கையாலும் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுவார்கள். நாற்பத்து இரண்டில் சாம்பல் கோட்டுத் துப்பறிவாளன் படியேறுவான். கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும். உள்ளே ஒரு நிழல். 'கொலைகாரன் யார்? அடுத்த இதழில்.' அடுத்த இதழ் அச்சான வாரம் அச்சகத்தில் வெள்ளம் புகுந்தது. வெளியே தப்பியது ஐம்பதோ அறுபதோ பிரதிதான் என்று கேள்வி. சின்ன வயதில் ஆரம்பித்த கேள்விக்கு விடை தெரியாமல் நாங்கள் நான்கு பேரும் நரைத்துப்போனோம்.

"ஒன்பதாவது வருஷம் நம்ம பல் டாக்டர் சாம்பல் கோட்டு மாட்டிட்டு வந்தானே, அது?" என்றேன்.

"கம்பளிக் கோட்டு. உள்ள அடுப்பு எரிஞ்சுது" என்றான் பல் டாக்டர்.

"மயங்கி விழுந்துட்ட. 'டாக்டர் யாராவது இருக்கீங்களா'ன்னு மைக்கில கூப்பிட்டாங்க."

"ஆமா. நான் கையைத் தூக்கினேன்."

"படுத்துக்கிட்டே" என்றான் டிரைவர்.

சிரித்தோம். சிரித்து முடித்ததும் நாற்காலி பக்கம் பார்வை போயிற்று. இந்தக் கதையை எப்போதும் முடித்து வைக்கிறவன் அவன்தான். 'பல் டாக்டர் வந்து என்னடா பண்ணுவான்' என்பான்.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட வருஷம் வந்தது பேச்சில். இரண்டு மணி நேரம். டிரைவர் நின்றபடியே தூங்கினான். நான் அழுதேன். புரூஃப் மட்டும் லிஃப்ட் சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையை ஒரு வரி விடாமல் படித்து, ஏழு பிழை கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, கதவு திறந்ததும் 'அதுக்குள்ள திறந்துட்டாங்களே' என்றான்.

பிறகு மாநாடு பெரிதாயிற்று. கண்ணாடி மண்டபம், ராட்சதத் திரை, பொம்மைகள், சட்டைகள். பழைய புத்தகத்துக்கு நான்கு மேஜை மட்டும், கழிப்பறைக்குப் பக்கத்தில். போன வருஷம் புரூஃபால் படியேற முடியவில்லை. டிரைவர்தான் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். கனமே இல்லை என்று அப்போதே என்னிடம் தனியாகச் சொன்னான். ஒவ்வொரு கடையாக மூச்சு வாங்கியபடி புரூஃப் கேட்டான்: 'நாப்பத்து மூணு இருக்கா?' ஒரு கடைப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'அந்த சைஸ் சட்டை தீந்துடுச்சு சார். உங்களுக்கு அது தொளதொளன்னு இருக்கும்' என்றாள்.

"கடைசி வரைக்கும் தெரியாமலே போயிட்டான்டா" என்றான் டிரைவர்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அவன்கிட்ட நான் ஒரு பொய் சொன்னேன்."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மனைவி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். அவளும் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொள்ள நாங்கள் முறை வைத்திருந்தோம். காலையில் கடைக்குப் போகும் முன் நான். சாயங்காலம் என் மனைவி, சூப் எடுத்துக்கொண்டு. கடைசி நாள் என்று தெரியாத அந்தக் கடைசி நாள் காலையில், நான் ஒரு திட்டத்தோடு போனேன். நாற்பத்து மூன்று கிடைத்துவிட்டது, படித்துவிட்டேன், புத்தகத்தை விற்பவர் கையைவிட்டுக் கொடுக்கவில்லை என்று அளந்தேன். கொலைகாரன் யார் என்று முடிவும் சொன்னேன். பஸ்ஸில் போகும்போது நானே யோசித்த முடிவு.

"யாருன்னு சொன்ன?" என்றான் பல் டாக்டர்.

"படகுக்காரன்."

"டேய். படகுக்காரனுக்கு ஒரு கைதானேடா."

"அதையேதான் அவனும் சொன்னான். ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிட்டு, 'ஒத்தக் கையால ரெண்டு கை அடையாளம் எப்படிடா விழும்'னு கேட்டுட்டு சிரிச்சான். சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, நர்ஸ் வந்து என்னை வெளியே தள்ளிட்டாங்க. மறுநாள் விடியும்போது போயிட்டான். அவன் கடைசியா என்கிட்ட கேட்டது ஒரு பொய். அதுலயும் பிழை."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியாக அவனைக் குனிந்து தொட்டது ஞாபகம் வந்தது. சட்டைக்குள் நெஞ்சு அட்டை மாதிரி விறைத்திருந்தது. செத்தவன் நெஞ்சு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"அதனாலதான் விட்டுட்டேன். இனிமே மாநாடும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மனைவி தட்டை மேஜையில் வைத்தாள். நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க. புரூஃப் அண்ணனுக்கு அது பொய்னு நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே தெரியும்."

"எப்படி?"

"முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அவருக்கு நாப்பத்து மூணைப் படிச்சுக் காட்டினேன்."

டிரைவர் பிஸ்கட்டை வாய்வரை கொண்டுபோனவன் அங்கேயே நிறுத்தினான்.

"எந்த நாப்பத்து மூணு?"

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னால ஒரு பத்திரிகையில விளம்பரம் குடுத்தீங்களே, 'யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்'னு. யாரோ ஒரு டீச்சர் அனுப்பினாங்க. நீங்க அதைத் தேடி மாநாட்டுக்குப் போயிருந்தீங்க. ரெண்டாம் நாள் தபால் வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"ஏன் குடுக்கல?"

"குழந்தைக்கு அன்னிக்கு நூத்தி மூணு காய்ச்சல். நான் தனியா. கோபத்துல கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்கறதுக்கு முன்னால முதல் பக்கத்தைப் பாத்தேன். உக்காந்து முழுசாப் படிச்சிட்டேன். அப்புறம் கிழிக்க மனசு வரல."

"காய்ச்சல் விட்ட பிறகு குடுத்திருக்கலாமே."

"குடுக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க திரும்பி வந்து 'கிடைக்கல, அடுத்த வருஷம் பாக்கலாம்'னு சொன்னீங்க. கிடைக்காததுக்கு ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல. அப்புறம் யோசிச்சேன். வருஷத்துல மூணு நாள் இந்த வீடு எனக்கே எனக்கா இருக்கு. அதை ஏன் கெடுத்துக்கணும்?"

"எங்கே தங்கச்சி வச்சிருந்தீங்க?" என்றான் பல் டாக்டர், நோயாளியிடம் கேட்கிற குரலில்.

"இவர் பெட்டியிலதான். நாப்பத்து ரெண்டோட உறைக்குள்ளயே, பின்னால. பிரிச்சு வச்சு மறுபடி ஒட்டிட்டேன். பதினெட்டு வருஷமா வாராவாரம் எடுத்துத் துடைக்கறாரு. ஒரு தடவைகூடப் பிரிச்சதில்ல."

மயிரிழை கனம் கண்டுபிடிக்கிற என் விரல்களை நான் பார்த்துக்கொண்டேன். உங்களிடம் சிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

ஓடினேன். பெட்டியைத் திறந்தேன். கையுறை மாட்டவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் உறையைக் கிழித்தேன். நாற்பத்து இரண்டு இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து அவள் முன்னால் நின்றேன். கேட்காமலே சொன்னாள்.

"அண்ணனோட அனுப்பிட்டேன். சட்டைக்குள்ள வச்சுப் பட்டன் போட்டுவிட்டேன்."

அட்டை மாதிரி இருந்தது என்றேனே, அது அட்டைதான்.

டிரைவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். துக்கமா, நிம்மதியா, புத்தகம் போன வயிற்றெரிச்சலா என்று சொல்ல முடியாது. எனக்கு மூன்றும் இருந்தது.

"கேட்டுட்டு என்ன சொன்னான்?" என்றேன்.

"ஒரு எழுத்துப்பிழை இருக்குன்னாரு. பதினாலாம் பக்கம். பென்சில் கேட்டாரு, குடுத்தேன். திருத்தினாரு. அப்புறம், 'இதை அவன்கிட்ட சொல்லாதம்மா. தேடறதை நிறுத்தினா உக்காந்துடுவான்'னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

பல் டாக்டர் மெதுவாகத் தொடங்கினான். "தங்கச்சி, இப்போ அந்த முடிவு தெரிஞ்சது…"

"நான் மட்டும்தான்."

"கொலைகாரன் யாரு?" மூன்று பேரும் சேர்ந்து கேட்டோம்.

அவள் காலிக் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"நாலு பேர்ல ஒருத்தருக்குச் சொன்னேன். ரெண்டாம் நாள் காலையில அவர் இல்ல. மிச்சம் மூணு பேருக்கும் சொல்றதா இல்ல."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா சொல்ல மாட்டேன்."

"எப்பவுமேவா?"

"ஆஸ்பத்திரியில போய்ப் படுங்க. அப்போ பாக்கலாம். அதுவரைக்கும் மாத்திரையைப் போட்டுட்டு, வருஷா வருஷம் போய்த் தேடுங்க."

மாத்திரையும் தண்ணீரும் தட்டிலேயே இருந்தன. தேநீரோடு எடுத்து வந்திருக்கிறாள். போட்டேன்.

இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டுவதென்று மறுநாள் தீர்மானித்தேன். ஐம்பது அறுபது பிரதியில் இன்னொன்று எங்கேயாவது இருக்கத்தான் செய்யும். இவளிடம் கெஞ்சாமல் நானே கண்டுபிடித்து, இவள் முன்னாலேயே சத்தமாகப் படிக்கப் போகிறேன். துறவைத் துறந்து, அடுத்த மாநாட்டுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். மூன்று நாளுக்கும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வந்தது. தேதியைப் பார்த்தேன்.

நான் துறவு பூணுவதற்கு இருபத்தொன்பது நாள் முன்பே, புரூஃப் போன மறுநாளே, பதிவு செய்திருக்கிறாள்.