கம்போங் ராஜாவிலிருந்து ஆளுங்க வர்றாங்க

ஆண்கள் பேச்சில் கேள்வி என்றால் கேள்வி, பதில் என்றால் பதில். பெண்கள் பேச்சில் கேள்வி சில நேரம் செய்தியின் வேஷத்தில் வரும். இது எனக்கு விளங்கியபோது கல்யாண வயது என்னிடம்தான் இருந்தது. பெண்தான் கைவிட்டுப் போயிருந்தாள்.

எழுபதுகளின் கடைசி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் வரிசையில் தேவகியும் வருவாள். அவள் கூடை வரும்வரை தராசு முள்ளைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. வந்துவிட்டால் முள்ளும் தெரியாது. ஆனால் பேச்சு என்னவோ பனியையும் மழையையும் தாண்டியதில்லை. (பேக்டரி மெஷின் இரைச்சலில் ஆண்களோடு கத்திப் பழகியவன் நான். 'ஆமா', 'இல்ல' இரண்டும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.)

ஒருநாள் எல்லாரும் போன பிறகும் தேவகி நின்றாள். தலைத்துண்டை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"ஞாயித்துக்கெழம கம்போங் ராஜாவுல இருந்து எங்க வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்களாம்."

"எத்தன பேரு?" என்றேன்.

என்னை ஒருமாதிரி பார்த்தாள். "தெரியல. லோரியில வர்றாங்க."

"லோரின்னா கூட்டம்தான் லா. ஒங்க வீட்ல நாக்காலி பத்தாதே. நான் கொண்டாறேன்."

அவள் தலைத்துண்டை மூன்றாவது முறை கட்டினாள். "கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு பெண்ணின் கவலையைத் தீர்த்த பெருமையில் அன்று ராத்திரி இரண்டு தட்டு சோறு தின்றேன்.

ஞாயிறன்று எங்கள் வீட்டு நாற்காலிகளோடு, கணக்கு எழுதும் கிராணி வீட்டிலும் இரவல் வாங்கித் தலையில் சுமந்து தேவகி வீடு இருந்த மேட்டு லயத்துக்கு ஏறினேன். கீழே வளைவில் ஒரு காய்கறி லோரி சேற்றில் புதைந்து நின்றது. தள்ளினேன். லோரி மேலேறியது, சேறு என் மேல் ஏறியது. உள்ளேயிருந்து வெற்றிலை, பழம், பூ என்று தட்டுத் தட்டாக இறங்கின. கடைசியில் மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவன் இறங்கி, "தேங்க்ஸ் லா" என்றான்.

அப்போதுதான் உறைத்தது.

என் நாற்காலிகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அவன் உட்கார்ந்தான். யார் இந்தப் பையன் என்று அவன் அப்பா கேட்டார். "நம்ம வீட்டுப் புள்ள மாரி" என்று தேவகியின் அண்ணன் என் சேற்றுத் தோளில் தட்டினார்.

பின்கட்டில் போய் நின்றேன். தேவகி எனக்கும் காப்பி கொண்டுவந்தாள். பட்டுப் புடவையில் அவளை நான் பார்த்ததே இல்லை.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வாய் திறந்தபோது வந்தது வேறு.

"மழ வர்ற மாரி இருக்கு. ரோடு கெட்டுறதுக்குள்ள அவங்கள கெளம்பச் சொல்லுங்க."

என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள். "சொல்லிடறேன்" என்று உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஆளுங்க வர்றாங்கன்னு ஒரு பொண்ணு ஒங்கிட்ட வந்து சொன்னா, வர வேணாம்னு நீ சொல்லணும்டா" என்றாள்.

அடுத்த தை மாதம் தேவகி கம்போங் ராஜாவுக்குப் போனாள். பந்தலுக்கு வாழைமரம் கட்டியதும் நான்தான். (கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

பிறகு எனக்கும் தானா ராத்தாவில் பெண் அமைந்தது. பெரிய மனசுக்காரி. பிள்ளைகள் பெரியவர்களானதும் அக்காதான் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டாள். இப்போது யார் விருந்துக்கு வந்தாலும் மகள் அதை நடித்துக் காட்டுகிறாள். அதிகம் சிரிப்பது என் மனைவிதான்.

போன தீபாவளிக்கும் அப்படித்தான் சிரித்தோம். எல்லாரும் எழுந்து போன பிறகு, தட்டுகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மனைவி கேட்டாள்:

"அவங்க இப்ப எங்க இருக்காங்களாம்?"

கம்போங் ராஜாவில், கடை வரிசைக்குப் பின்னால், பச்சைக் கதவு போட்ட வீடு. வாசலில் ரோஜாத் தொட்டிகள்.

"தெரியலயே" என்றேன்.

ஒரு பெண் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.