பஞ்ச்கார்டு அண்ணனின் தற்காலிக அரசாங்கம்

இந்த நாட்டில் சில வருடம் இரண்டு அரசாங்கம் நடந்தது. ஒன்று புத்ராஜெயாவில். இன்னொன்று பண்டமாரானில், ஒரு தோசை ஒட்டுக்கடையில். இரண்டாவதில்தான் கெடுபிடி அதிகம்.

இரண்டாவது அரசாங்கத்துக்கு மொத்தம் ஒரே ஆள். பிரதமர், மந்திரி, கிராணி, பியூன் எல்லாம் அவரே. பஞ்ச்கார்டு என்று கூப்பிடுவோம். அடையாள அட்டையான ஐசியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவியே "எங்க வீட்டு பஞ்ச்கார்டு" என்றுதான் சொல்வார்.

முப்பது வருடம் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் டைம்கீப்பர். வாசலில் உட்கார்ந்து, வேலைக்காரர்கள் கார்டு அடிப்பதைப் பார்ப்பது வேலை. நேரத்துக்கு வந்தால் மெஷின் கார்டில் மணியை நீல மையில் அடிக்கும். ஒரு நிமிடம் பிந்தினால் சிவப்பு. சிநேகிதன் கார்டையும் சேர்த்து அடித்தான் என்று சொந்த மச்சானையே ரிப்போர்ட் செய்து வேலையை விட்டு அனுப்பியவர் இவர். அதன்பிறகு மச்சான் வீட்டுக் கல்யாணம் எதற்கும் அழைப்பு வரவில்லை.

"அடுத்தவன் கார்ட தொட்டா அது திருட்டு லா. மச்சானா இருந்தா என்னா, மாமனாரா இருந்தா என்னா?" என்பார்.

தொழிற்சாலையை மூடியபோது எல்லாரும் நஷ்ட ஈடு கேட்டார்கள். இவர் அதோடு பஞ்ச் மெஷினையும் கேட்டார். மோட்டார் சைக்கிளில், பிள்ளையை முன்னால் உட்கார வைப்பதுபோல வைத்துக் கொண்டுவந்தார். மனைவியின் கடைத் தூணில் மாட்டினார். முதல் கார்டு மனைவிக்கு.

நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மூன்று நாள் அடித்தார். நாலாம் நாள் கார்டை நீட்டினார்.

"காலைல நாலரை மணி. சாயந்தரம் ஆறு. ஓவர்டைம் எவ்வளவு வருதுன்னு பாத்துப் போடுங்க."

அன்றோடு அக்காவின் கார்டு காணாமல் போனது.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை. பள்ளிக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடுவது சோம்பலால் இல்லை. வேலை மாதக் கடைசியில் சம்பளம் தருகிறது. படிப்பு தருவதில்லை. அதனால் மேலே படிக்கிற பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

"உதவித் தொகை இல்ல லா. சம்பளம். உதவின்னா கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் குடுப்பான். சம்பளம்னா வேலைக்கு வர்ற எல்லாருக்கும். படிக்கிறதும் வேலைதான்."

கடையில் இதற்கு எதிர்க்கட்சி நான். போர்ட்டுக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டினேன். ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. யாரும் எனக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கவில்லை.

"அவன் படிக்கிறது அவன் நல்லதுக்குத்தானே அண்ணே. அதுக்கு எதுக்கு காசு?"

"நீ லைசன்சு எடுத்தது உன் நல்லதுக்குத்தானே? அப்ப லோரிய சும்மா ஓட்டு."

"கையில காசு வந்தா போன் வாங்குவானுங்க."

"உன் சட்டப் பையில என்னா?"

என் பையில் இரண்டு போன் இருந்தது. ஒன்று கம்பெனி போன். அதைச் சொல்வதற்குள் கடையே சிரித்துவிட்டது.

அரசாங்கத்துக்கு எழுதினார். மலாய் மொழியில், தட்டச்சு செய்து, மூன்று பிரதி. பல கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்படும் என்று. அதை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். முருகனுக்குப் பூ வைக்கிற அன்று கடிதத்துக்கும் ஒரு பூ.

ஒரு வருடம் பொறுத்தார். பிறகு அறிவித்தார்.

"அவங்க எடுத்துக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

அக்கா கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டார். "அரசாங்கம் நீங்க. கஜானா யாரு, நானா?"

பஞ்ச்கார்டு சட்டையை மாட்டினார். ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு ரப்பர் முத்திரைச் சாப்பு செய்து வந்தார். 'தற்காலிக அனுமதி' என்று மலாயில் இருக்கும். அன்று முதல் ஆட்சி.

திட்டம் இதுதான். எஸ்பிஎம் முடித்து ஆறாம் படிவமோ தொழிற்கல்லூரியோ போகிற பிள்ளை காலையில் பஸ்ஸுக்கு முன் கடைக்கு வந்து கார்டு அடிக்க வேண்டும். இரண்டு தோசை, ஒரு மைலோ. வெள்ளிக்கிழமை ஒரு உறையில் அடுத்த வாரத்து பஸ் காசு. அவ்வளவுதான்.

ஆனால் அவ்வளவு சுலபமாக யாருக்கும் கிடைக்காது. விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். ஐசி போட்டோகாப்பி, இரண்டு பக்கமும். பாஸ்போர்ட் சைஸ் படம் இரண்டு. மேசையில் 'கவுண்டர் 1' என்று பலகை. கவுண்டர் 2 கிடையாது. கியூ நம்பர் எடுக்காமல் வந்தால் பேசமாட்டார். முதல் ஆளுக்கே 1001. பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது 'கவுண்டர் மூடப்பட்டது' என்று பலகையைத் திருப்பி வைத்து ஐந்து நிமிடம் டீ குடிப்பார்.

"ஏன் பாஸ் இப்படி?" என்று பிள்ளைகள் கேட்கும்.

"அரசாங்கம்னா இப்பவே பழகிக்கணும்."

ஆறரைக்குப் பிந்தினால் சிவப்பு மை. சிவப்பு மைக்குச் சட்னி கட். வராவிட்டால் டாக்டர் சீட்டு அன்றைக்கே வர வேண்டும். சீட்டில்லாமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பெயர் நீக்கம், மேல்முறையீடு கிடையாது. இரண்டாம் வருடம் போனால் இன்கிரிமென்ட். ஒரு வடை.

முதல் மாதம் நான்கு பேர். மூன்றாம் வருடம் பத்து பேர். பதினொன்றாவது பாரம் என் வீட்டுக்கு வந்தது.

என் மகள் யோகேஸ் அப்போதுதான் எஸ்பிஎம் முடித்திருந்தாள். எனக்கு அந்த வருடம் முதுகு போனது. லோரி ஏறக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனி என்னை ஆபீசில் உட்கார வைத்தது. டிரிப் காசு நின்றது. வாடகை நிற்கவில்லை. போர்ட் பக்கம் ஒரு ஸ்டோர் சூப்பர்வைசர் எனக்குப் பழக்கம். உன் பொண்ணை அனுப்பு, உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் சரி என்றேன்.

யோகேஸ் எதிர்த்துப் பேசவில்லை. பாரத்தை என் முன்னால் வைத்தாள். காப்பாளர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது.

சண்டை போடுவதற்காகக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, ரெண்டு தோசைக்கு என் பொண்ண படிக்க அனுப்பணுமா?"

"ரெண்டு தோசை, ஒரு மைலோ, பஸ் காசு."

"வீட்டு வாடகைய யாரு கட்டுவா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"அது பெரிய அரசாங்கம் செய்யணும்பா. நான் சின்ன அரசாங்கம்."

பிறகு பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். குரல் மாறியது. "ஐசி காப்பி ஒரு பக்கம்தான் இருக்கு. பின்பக்கம் எங்க? போய் எடுத்துட்டு வா."

நான் போய் எடுத்துவந்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. கவுண்டரில் ஒருவர் காப்பி இல்லை என்று சொன்னால் கால் தானாகப் போட்டோகாப்பி கடைக்குப் போகிறது. இந்த நாட்டில் வளர்ந்த பழக்கம். திரும்பி வந்தபோது சண்டை மறந்துவிட்டது. கியூ நம்பர் வேறு எடுத்திருந்தேன்.

"மூனு மாசம்தான் அண்ணே. பொறவு வேலைக்குப் போவா."

"ப்ரொபேஷன்," என்று கார்டின் தலையில் பென்சிலால் எழுதினார். சாப்பு குத்தினார். டப் என்று சத்தம். அந்தச் சத்தம் அவருக்குத் தோசையைவிடப் பிடிக்கும்.

இரண்டு மாதமும் மூன்று வாரமும் ஆனது. யோகேஸ் கார்டில் ஒரு சிவப்புகூட இல்லை. ஒரு நாள் சூப்பர்வைசர் போன் செய்தார். திங்கட்கிழமை அனுப்பு, இல்லையென்றால் வேறு ஆள் போடுவேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவளைக் கடையில் இறக்கியபோது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. தொழிலாளர் விவகாரம் பார்க்கிற அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் வயதான மலாய்க்காரர். மற்றவர் நம் தமிழ்ப் பெண், இளம் வயது. வயது குறைந்த பிள்ளைகள் பதினொரு பேர் தினமும் இங்கே கார்டு அடித்து வேலை செய்கிறார்கள், சொக்சோ காப்புறுதி இல்லை, இபிஎப் சேமநிதி இல்லை என்று யாரோ புகார் எழுதியிருந்தார்கள். எல்லாரும் எதிர்க்கட்சியைப் பார்த்தார்கள். எழுதியது நான் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் நடுங்கியிருப்பார்கள். பஞ்ச்கார்டு முகத்தில் தீபாவளி.

"வந்துட்டீங்களா! இத்தன வருஷமா உங்களுக்குத்தான் காத்திருக்கேன். மொதல்ல நம்பர் எடுங்க."

நம்பர் எடுத்தார்கள். 1012, 1013.

"அங்கிள், இங்க எத்தன பேரு வேல செய்றாங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"பதினொன்னு."

"என்ன வேல?"

"படிக்கிற வேல."

"யாரு முதலாளி?"

"நீங்கதான்."

"யாரு?"

"அரசாங்கம்மா. நான் சும்மா டைம்கீப்பர். கார்டெல்லாம் ரெடி. கொண்டுபோய் சம்பளம் போடுங்க."

கோப்புகளைக் கட்டுக் கட்டாக மேசையில் அடுக்கினார். பெண் அதிகாரி மலாயில் மொழிபெயர்த்தார். பெரியவர் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்பு மைக்குப் பக்கத்தில் இருந்த குறிப்பைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"சட்னி கட்," என்றார் அந்தப் பெண், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு.

அக்கா கரண்டியோடு வந்தார். "இந்தக் கடையில உண்மையா வேல செய்றது நான் ஒருத்திதான். எனக்குத்தான் கார்டு இல்ல. அத எழுதிக்குங்க."

அடுத்து யோகேஸின் கார்டு பெரியவர் கைக்கு வந்தது. பென்சில் எழுத்தைப் பார்த்தார். ப்ரொபேஷன் எப்போது முடிகிறது என்று கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழம சார்," என்றாள் யோகேஸ்.

"அப்புறம்?"

அவள் பஞ்ச்கார்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மற்ற பத்துப் பிள்ளைகளும் தோசையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மெஷின் ஒரு நிமிடம் நகர்ந்த சத்தம் கேட்டது.

"கன்பர்ம் ஆயிருச்சு," என்றேன்.

பஞ்ச்கார்டுக்குக் கோபம். "யாரு சொன்னா? மேனேஜ்மென்ட கேக்காம யாரு கன்பர்ம் பண்றது?"

"நான்தான் அண்ணே."

"அப்ப எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதி.

அதிகாரிகள் குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். மெஷின் இருந்தால் தொழிற்சாலை என்று ஆள் நினைக்கும், கழற்றிவிடுங்கள் அங்கிள் என்று அந்தப் பெண் சொன்னார். அதைக் கடிதமாக எழுதித் தரச் சொன்னார் இவர். கடிதம் வரவில்லை. மெஷின் அங்கேயே இருந்தது. பெரியவர் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, காசு கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே காரில் ஏறினார்.

திங்கட்கிழமை ஸ்டோருக்கு நான் போனேன். மகள் வரமாட்டாள், என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சூப்பர்வைசர் என் முதுகைப் பார்த்தார். ஆபீஸ் முடிந்தபின் கேட்டில் உட்கார்ந்து லோரி நம்பர் எழுதுகிற வேலை கொடுத்தார். அவள் படித்த இரண்டு வருடமும் வாடகை கழுத்தைப் பிடித்தது. கட்டினோம்.

அவளுடைய இரண்டாம் வருடத்தில் என் முதுகு மறுபடி போனது. ஆபரேஷன். யோகேஸின் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று நாள் யோகேஸ்தான் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாள். தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரி கடிதத்தை எடுத்துக்கொண்டு பயந்துபோய்க் கடைக்குப் போனாள். மூன்று நாள் ஆகிவிட்டது. பெயர் நீக்கம்தான் என்று நினைத்தாள்.

அவர் கடிதத்தை வாங்கவில்லை. "கியூ நம்பர் எங்க?" என்றார். இரண்டு தோசை, ஒரு வடை, சட்னியோடு வந்தது.

அவள் ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம் பரீட்சை முடித்து, பல்கலைக்கழக இடம் கிடைத்த அன்று சொல்லப் போனோம். வாழ்த்தெல்லாம் இல்லை. அவளுடைய பழைய கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கையில் கொடுத்தார்.

"சர்வீஸ் ரெக்கார்டு. பத்திரமா வெச்சுக்கோ. என்னைக்காவது ஒத்துக்குவாங்க. பழைய சம்பளம் கேக்க ஆதாரம் வேணும்ல?"

அடுத்த வருடம் அக்காவுக்கு முழங்கால் முடியாமல் போனது. மகன் வந்து இருவரையும் ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அழைத்துப் போனார். மெஷின் காரில் அவர் மடியில் போனது. இன்னும் கடிதம் எழுதுகிறார் என்று கேள்வி.

போன வாரம் வீடு ஒழுங்கு செய்தபோது அந்தக் கார்டுகள் கிடைத்தன. சும்மா புரட்டினேன். என் ஆபரேஷன் மாதம் வந்தது. அந்த மூன்று நாளும் அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். கார்டில் பண்டமாரானில் இருந்தாள். 6.20. 6.24. 6.19. மூன்றும் நீல மை. ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிமிடம், உண்மை மாதிரி தெரியட்டும் என்று.

மச்சானைக்கூட விடாத மனிதர். ரிப்போர்ட் செய்ய வேண்டிய விஷயம்தான். கார்டுகளை மறுபடி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, எங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருக்கிற டப்பாவில் வைத்து மூடினேன்.