நடக்காதே கண்ணு

“நடக்காதே கண்ணு! உக்காரு தங்கம்!”

மற்ற வீடுகளில் குழந்தையை நடக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கணபதி பகுதியில் அந்த மாடி வீட்டில் மட்டும், பதினொரு மாதத்து இதழினியை உட்காரச் சொல்லி அவள் அப்பா கிருபாசங்கர் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் அப்போதுதான் சோபாவை விட்டுவிட்டுத் தானாக மூன்று எட்டு வைத்திருந்தாள்.

காரணம், அவன் மனைவி பிரவீனா. அவளுக்குப் பெருந்துறையில் வேலை. கம்பெனி பஸ் ஏறும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். கிருபா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். குழந்தை குப்புற விழுந்ததையும் அவன்தான் பார்த்தான், தவழ்ந்ததையும் அவன்தான் பார்த்தான். ஒவ்வொரு முறை போனில் சொன்னபோதும், “சந்தோசமுங்க” என்றுவிட்டு அவள் அழுதாள். முதல் அடியையாவது அவள் முதலில் பார்க்கட்டும் என்று அவன் முடிவு செய்திருந்தான்.

காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்த கீழ்வீட்டுச் சாந்தாமணி, திறந்திருந்த கதவோரம் நின்றுவிட்டாள்.

“அடடா! பாப்பா நடந்துபோட்டாளா! கொழுக்கட்டை வெச்சு வீதிக்கே குடுக்கோணுமே!”

“ஐயோ அக்கா, சத்தம் போடாதீங்க. பிரவீனா வர்ற வரைக்கும் இவ நடக்கவே இல்லீங்க. நீங்களும் பாக்கவே இல்லீங்க.”

சாந்தாமணிக்கு ஏனோ புரையேறியது.

“சரிங்க தம்பி. எனக்குக் கண்ணே தெரியலீங்க.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

கிருபா மகளைத் தொட்டிலில் போட்டான். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மடியில் வைத்துக்கொண்டு மேனேஜரோடு வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தான். அவள் மேசைமேல் ஏறி எழுந்து நிற்க, ஆபீஸே கைதட்டியது. கடைசியில் ஒரு தட்டில் அரிசி மாவைக் கொட்டி, விளையாடட்டும் என்று தரையில் உட்கார வைத்தான். அவள் தட்டைக் கவிழ்த்து, மாவை மிதித்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். கிருஷ்ண ஜெயந்திக்குப் போட்டதுபோல் வழியெல்லாம் வெள்ளைப் பாதங்கள்.

ஈரத் துணியால் துடைக்கும்போது அவனுக்கு மனசு கூசியது. “மன்னிச்சுக்கோ சாமி” என்று சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துப் பிரவீனாவின் போன்.

“ஏனுங்க, பாப்பா இன்னைக்குப் புதுசா ஏதாச்சும் பண்ணுச்சுங்களா?”

“ஒண்ணுமில்லையே.”

“நல்லாப் பாத்தீங்களா? ஒண்ணுமே பண்ணலீங்களா?”

“உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கறா.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பாவம், எத்தனை ஏக்கம் என்று கிருபா உருகிப்போனான்.

இருட்டும் நேரத்தில் பிரவீனா வந்தாள். பகலெல்லாம் ஓயாத கால்கள் அப்போது பார்த்து ஓய்ந்துவிட்டன. இதழினி பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கிருபா கிலுகிலுப்பையை ஆட்டினான், டிவி ரிமோட்டை நீட்டினான், மண்டி போட்டான்.

“நட கண்ணு! எந்திரிச்சு நட தங்கம்!”

“ஏனுங்க இத்தனை அவசரம்? நடக்கறப்ப அவளா நடப்பாளுங்க.”

அம்மாவின் குரலுக்குத்தான் காத்திருந்ததுபோல் குழந்தை எழுந்தது. தள்ளாடி, தள்ளாடி, அவள் மடியில் போய் விழுந்தது.

பிரவீனா அழுதாள். ஆனால் மகளைவிட அவன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவனுக்கு வியர்த்தது.

“இதுதானுங்களா நீங்க பாக்கற மொதத் தடவை?”

“சாமி சத்தியமா அம்மணி! ரெண்டு பேரும் சேந்தே பாத்துட்டோம்.” முருகன் படத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

இரவெல்லாம் அந்தச் சத்தியம் உறுத்தியது. விடிந்ததும் கீழே இறங்கி, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த சாந்தாமணியிடம் கொட்டித் தீர்த்தான்.

“பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டனுங்க்கா. பிரவீனாவ ஏமாத்திப்போட்டேன்.”

சாந்தாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“போங்க தம்பி! ஞாயித்துக்கெழமை நீங்க கொடுமுடிக்குப் போயிருந்தப்பவே பாப்பா நடந்துட்டா. ‘வருசம் பூரா வளத்துனது அவரு, அவரே மொதல்ல பாத்ததா இருக்கட்டுங்க்கா’ன்னு பிரவீனா அன்னைக்கே என்ர வாயைக் கட்டிப்போட்டுச்சு!”