அண்ணாச்சி அரண்மனையில் துப்புத் துலக்கினார்

இதை எனக்கு முதலில் சொன்னது எதிர்வீட்டுத் தங்கத்தாய் மதினி. போன மார்கழியில், பஜனை முடிந்து கோயிலில் பொங்கலுக்கு வரிசையில் நிற்கும்போது சொன்னாள். சாமி சந்நிதியில் அவள் பொய் சொல்லமாட்டாள். நானும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

மதினியின் வீட்டுக்காரர் சண்முகவேல் அண்ணாச்சிக்குச் சிவகாசியில் ஆப்செட் பிரஸ். வயது அறுபது. தலைமுடிக்கு மட்டும் இருபத்தைந்து. ஞாயிறு தவறாமல் சாயம் பூசுவார். அந்த முடிக்குத்தான் ஆபத்து வந்தது.

முந்தின வருசம் அண்ணாச்சி டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மனுசன் பிழைச்சு வந்தா அவுக முடியை உனக்குத் தாரேன் தாயே" என்று மதினி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அம்மன் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டாள். அண்ணாச்சிதான் பின்வாங்கினார்.

"என் தலையை நேர ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"உங்க உயிரைக் கேக்க மட்டும் அதிகாரம் இருந்துச்சாக்கும்?"

பங்குனியில் கேட்டால், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும் என்றார். பக்கத்துச் சாத்தூருக்குப் பஸ்ஸில் போனாலே குமட்டுது என்கிற மனிதருக்குப் பாஸ்போர்ட்! ஆடியில் கேட்டால், காலண்டர் ஆல்பம் வெளியிடுகிறோம், மேடையில் நிற்கணும் என்றார்.

தீபாவளிக்கு மகள் பிரீத்திகா சென்னையிலிருந்து வந்தாள். கையில் இரண்டு பெட்டி. ஒன்று வீட்டுக்கு, ஒன்று சிநேகிதிக்கு. துப்புத் துலக்கும் விளையாட்டாம். வீட்டுப் பெட்டியில் அரண்மனைக் கதை. ராணியின் மோதிரம் திருடுபோகிறது. நம்மையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சீட்டு, எண் சக்கரம், கிழிந்த வரைபடம் எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்து, ஒரு மணி நேரத்துக்குள் திருடனைச் சொல்ல வேண்டும். ஒட்டிய கறுப்புக் கவர் ஒன்று இருக்கும். அதைக் கடைசியில் பிரித்து, சொன்ன விடை சரியா என்று பார்க்க வேண்டும். சிநேகிதியின் பெட்டியில் கப்பல் கதை. அதிலும் அதே மாதிரிக் கறுப்புக் கவர்.

அண்ணாச்சி விளையாட்டைப் பார்க்கவில்லை. அட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

"முந்நூறு ஜிஎஸ்எம் கனம். லேமினேஷன் பரவாயில்லை. கட்டிங்தான் பிசிறு."

"அப்பா, அதை விளையாடணும்ப்பா. கொட்டேஷன் போடக் கூடாது."

"இதுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்? எனக்குப் பத்து நிமிசம் போதும்."

மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீகன்னா?"

"மொட்டைங்கிற பேச்சே இந்த வீட்டுல கேக்கக் கூடாது."

"கண்டுபிடிக்காட்டா?"

"தை கடைசி வெள்ளிக்கு நானே வந்து தலையைக் குடுக்கேன்."

சாமி காரியத்தைப் பந்தயத்தில் வைக்கலாமா என்று, பொங்கல் வரிசையில் நின்று கதை கேட்ட எனக்கே பதறியது. மதினி பதறவில்லை. "தோக்கப் போறவுகதான மதினி பயப்படணும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தொன்னையை நீட்டிப் பொங்கலை வாங்கிக்கொண்டாள்.

விளையாட்டு மறுநாள் மத்தியானம் என்று முடிவானது. மறுநாள் காலையில் அண்ணாச்சி அரண்மனைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கினார்.

"பிரஸ் போர்மேன்கிட்ட இந்தக் கட்டிங்கைக் காட்டிட்டு வந்திருதேன்."

பிரஸ்ஸுக்குத் தீபாவளி லீவு என்பது அவருக்கு மறந்துவிட்டது. மதினிக்கு மறக்கவில்லை. மறக்கிற ஆளாக இருந்தால், அதற்கு முன்பே, அவர் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு பெட்டியின் கறுப்புக் கவர்களையும் மாற்றி வைத்திருப்பாளா?

மகள்தான் நம்பவில்லை. "அப்பா போயி கவரைப் பிரிச்சுப் பார்ப்பாரா, சீ!"

"பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்தை மறுநாள் விடை வந்த பெறகு நிரப்பி, என்னையும் கூப்பிட்டுக் காட்டுற மனுசன்டி."

அண்ணாச்சி பிரஸ்ஸிலிருந்து சிரித்த முகமாகத் திரும்பினார். கவரைத் தொட்ட தடமே இல்லை. தொழில்காரர் ஒட்டினால் ஒட்டியதுதான்.

சாப்பிட்டு முடித்ததும் பாய் விரித்தார்கள். பிரீத்திகா போனில் நேரம் வைத்தாள். அண்ணாச்சி சீட்டைத் தொடவில்லை. சக்கரத்தைத் திருப்பவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். முடியை ஒருமுறை கோதிவிட்டுக்கொண்டார்.

"திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"இன்னும் முதல் பூட்டையே திறக்கலையேப்பா!"

"பூட்டுச் சாவியெல்லாம் உங்களுக்கு. எனக்கு மூளை. எழுதிக்க. கப்பல் கேப்டன்!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மதினிதான் நிதானமாகக் கேட்டாள்.

"இது அரண்மனைங்க. கப்பல் எங்கன வந்துச்சு?"

அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார். சீட்டுகளை அப்போதுதான் பார்த்தார். ராணி, தோழி, சமையல்காரன், தோட்டக்காரன். கேப்டனைக் காணவில்லை.

"அரண்மனையில குளம் இருக்கா?"

"இருக்கு."

"குளம்னா படகு இருக்கும்லா?"

"சரி."

"அந்தப் படகு கொஞ்சம் பெருசா இருந்தா?"

"குளத்துக்குள்ளயா?"

"ராணி வீட்டுக் குளம்லா! நம்ம வெம்பக்கோட்டை அணை அம்புட்டு இருக்கும்!"

"வெம்பக்கோட்டை அணையில எந்தக் கப்பலைப் பார்த்தீக?"

அண்ணாச்சிக்கு வேர்த்தது. சாயம் காதோரம் இறங்கியது.

"அந்தச் சமையல்காரன்தான் நெசத்துல கேப்டன். வேசம் போட்டிருக்கான்."

"கரண்டியோட நிக்கானேப்பா!"

இனி முடி தங்காது என்று தெரிந்ததும் அண்ணாச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பாயைவிட்டு எழுந்தே விட்டார்.

"எல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் தப்பு! பேக்கிங்ல கவரை மாத்திப் போட்டுட்டான்! வேற கதையோட விடையை இதுக்குள்ள வச்சிருக்கான்!"

மதினி கறுப்புக் கவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"இன்னும் யாரும் பிரிக்கவே இல்லையேங்க. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி கவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி கவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, சரி. தைக்கு இன்னும் எம்புட்டோ நாள் கிடக்கு. வேன் கிடைக்குதான்னு பார்ப்போம்."

"வேனுக்கு நேத்தே சொல்லியாச்சுங்க."

ஆத்தா புண்ணியத்தில் தை கடைசி வெள்ளி நல்லபடியாக முடிந்தது. அண்ணாச்சியை நீங்கள் தெருவில் பார்த்தால், எந்தக் கோயில் மொட்டை என்று கேளுங்கள், சந்தோசமாகச் சொல்வார். கப்பலைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள்.