நீலச் சதுரம் யார் வாசலில்?

அப்துல் வாஹித் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நீலச் சதுரம் நகரவில்லை. குழாயடிச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில், பதினாலாம் நம்பர் கதவுக்கு நேர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பதினாலாம் நம்பர் அவருடைய தோல்பை தைக்கும் பட்டறை.

"கரீம், இது என்னய்யா நீலமா?"

கரீம் பாட்சா குடிசைப் பகுதி மேம்பாட்டுத் திட்ட ஆபீஸ் பியூன். ஆண்டாப் ஹில்லிலிருந்து தினமும் பசை வாளியோடு வந்து, தாராவியில் சந்து சந்தாக வரைபடம் ஒட்டுவது அவர் வேலை.

"பொம்பளைங்க கக்கூஸ் பாய். எட்டு ரூம். எந்நேரமும் தண்ணி."

"என் வாசல்லயா?"

"பிளான்ல அப்படித்தான் இருக்கு. ஆட்சேபணை இருந்தா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா பாஸ்."

அன்று செவ்வாய். வாஹித் பட்டறைக்கு மேலே இருந்த வீட்டுக்கு, இரும்பு ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மனைவி சுலைகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சேதி கேட்டியா? நம்ம வாசல்ல கக்கூஸ் வருதாம்! கிராஃபர்ட் மார்க்கெட் சேட்டு பை பாக்க வருவாரு, இங்க முப்பது பொம்பளைங்க பக்கெட்டோட வரிசையில நிப்பாங்க. அந்த மனுசன் அப்படியே திரும்பிப் போயிருவாரு. பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்."

சுலைகா கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது.

"யா அல்லாஹ்! ஏங்க, நீங்க சும்மா இருக்காதீங்க. ஓடுங்க. நாலு பேரக் கூப்பிடுங்க!"

அந்தச் சந்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மெயின் ரோட்டுக்குப் போய்வர இருபது நிமிஷம், வரிசையில் நிற்பது தனிக்கணக்கு. வாஹித் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. 'கழிப்பறை மிகவும் அவசியம்' என்றுதான் மனுவைத் தொடங்கினார். அடுத்த வரியில், அதைப் பத்தடி மட்டும் தள்ளிக் கட்டும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டுக் கையெழுத்து விழுந்தது. இருபத்தொன்பதாவது ஆளைத் தேடிப் போக வேண்டிய சிரமம் இல்லை. புருவத்தில் மாவு படிந்த தனசீலன் தானே வந்து நின்றார்.

"பாய், பத்தடி தள்ளுனா எங்க வருதுன்னு அளந்து பாத்தியளா?"

"எங்க வருது அண்ணாச்சி?"

"என் மாவு மில்லு வாசல்ல வருது வே! கோதுமை கொண்டாற சனம் மூக்கப் பொத்திக்கிட்டா நிக்கும்?"

"கக்கூஸே வேண்டாங்கியளா?"

"வேணும். ஊருக்கு வேணும். என் வாசல்ல வேண்டாங்கேன்!"

புதன்கிழமை தனசீலன் ஒரு மனு எழுதினார். அதில் சதுரம் எதிர்ச் சாரிக்குத் தாவி, அப்துல் ஹாதியின் மளிகைக் கடை முன்னால் போய் விழுந்தது. மத்தியானத்துக்குள் அப்துல் ஹாதியும் ஒரு மனு தயார் செய்துவிட்டார். 'இப்போதிருக்கும் பதினாலாம் நம்பர் வாசலே எல்லா வகையிலும் உத்தமம்.'

இதில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பேனாவை நீட்டினால் மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அந்தச் சந்தில் எவருக்கும் கிடையாது. அது பெரிய மரியாதைக் குறைவு. அதனால் மூன்று மனுவிலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்துல் ஹாதி ஒரு கிளாஸ் ரோஸ் சர்பத்தோடு காகிதத்தை நீட்டியபோது, "அட, நமக்குள்ள என்னங்க படிச்சுக்கிட்டு!" என்று வாஹிதும் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை திட்ட ஆபீஸில் அதிகாரி மூன்று காகிதத்தையும் வரிசையாகப் பரப்பினார்.

"யே வாஹித் கோன் ஹை?"

"மைன் ஹூன் சாப்," என்று வாஹித் கையைத் தூக்கினார்.

அதிகாரி இந்தியில் ஒரு மூச்சுப் பேசினார். ஓரமாக நின்ற கரீம் பாட்சா தமிழில் சொன்னார்:

"உங்க வாசல்ல வேண்டாம்னு முதல் மனுவில போட்டிருக்கீங்க. உங்க வாசல்லதான் கட்டணும்னு மூணாவதுலயும் போட்டிருக்கீங்க. எந்த வாஹித நம்பணும்னு சாப் கேக்குறாரு."

வாஹித் சர்பத்தை நினைத்துப் பல்லைக் கடித்தார்.

தீர்ப்பு இதுதான்: நாளை ஐந்து மணிக்குள் ஒரே மனு, ஒரே இடம். சந்து ஆண்கள் ஐம்பது பேர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் சதுரம் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

"அம்பது பேரா?" வீட்டில் சுலைகா கவலையோடு கேட்டாள். "மீட்டிங்குன்னு சொன்னா எலி மாதிரி ஓடுற ஆளுங்களாச்சே. வருவாங்களா?"

"வராம எங்க போறாங்க? காலைப் பிடிச்சாவது இழுத்துட்டு வாறேன்!"

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பட்டறையில் கூட்டம். தோல் மூட்டைகள் மேலும் தையல் மெஷின்கள் மேலும் ஆண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். சந்து குறுகல் என்று நிரூபிக்க வாஹித் அளவு நாடாவை எடுத்தார். அது வினையாயிற்று.

"சந்து குறுகலா? உம்ம படிக்கட்டு ரெண்டடி வெளிய வந்து கிடக்கு பாய்!" என்றார் தனசீலன்.

"உங்க மில்லுத் திண்ணை மட்டும்? மூணடி!"

"ஹாதி பாய் கடையப் பாருங்க, வெங்காய மூட்டையே நடு ரோட்டுலதான் குடியிருக்கு!"

நாடா கைக்குக் கை மாறியது. அளக்க அளக்கச் சந்து சுருங்கியது. மூன்றரை மணிக்கு எல்லாருடைய குற்றமும் அங்குல சுத்தமாகத் தெரிந்துவிட்டது, இடம் மட்டும் கிடைக்கவில்லை. சுலைகாவும் தனசீலன் மனைவி ரோசம்மாவும் மூன்றாவது தடவையாகச் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனார்கள்.

நாலு மணி. வாஹிதின் கால் தரையில் நிற்கவில்லை. பட்டறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தவர் சட்டென்று நின்றார்.

"கேரம் ஷெட்!"

சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

சந்து முனையில் ஒரு தகர ஷெட். அதுதான் ஆண்களின் சங்கம். ஒரு கேரம் போர்டு, ஒரு காற்றாடி, ஆறு ஸ்டூல். 'அரிசி தீர்ந்துபோச்சு' என்ற குரல் எட்டாத ஒரே இடம்.

"பாய், அதுல கைவைக்கலாமா?" தனசீலன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மில்லு வேணுமா, கேரம் வேணுமா? அம்பது நிமிசந்தான் இருக்கு."

அப்துல் ஹாதி முதலில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது ஷெட்டுக்குப் போய் ஸ்டிரைக்கரை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலைகுனிந்து போட்டார்கள்.

ஐம்பத்து மூன்று ஆண்கள் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஓடியதை அன்றைக்குத்தான் தாராவி பார்த்தது. டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். தனசீலனுக்குச் செருப்பு அறுந்தது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

ஐந்துக்கு நாலு நிமிஷம். அதிகாரி தலைகளை எண்ணினார், கையெழுத்தை எண்ணினார், டமார் என்று சீல் குத்தினார். பிறகு எழுந்து வாஹிதின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சாப் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் தனசீலன், மூச்சிரைக்க.

"மத்த பதினோரு சந்துல கக்கூஸ் வேணும்னு ஒரு ஆம்பளைகூட வரலையாம். உங்க சந்துதான் நம்பர் ஒண்ணாம். திங்கக்கிழமை வேலை ஆரம்பம்," என்றார் கரீம் பாட்சா.

வாஹித் நெஞ்சை நிமிர்த்தினார். பட்டறை பிழைத்தது. ஒரு சந்து முழுவதையும் ஒற்றை ஆளாகத் திரட்டிவிட்டார். வீட்டுக்குப் போய் சுலைகாவிடம் இதை எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, கரீம் பாட்சா அரை கிளாஸ் கட்டிங் சாயாவை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"சதுரம் முதல்ல கேரம் ஷெட் மேலதான் பாய் இருந்துச்சு; 'அங்க போட்டா ஆம்பளைங்க அத்தனை பேரும் ஆட்சேபணை எழுதிருவாங்க சாப், எங்க வாசல்ல போடுங்க, எங்க வீட்டுக்காரரே அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டு ஷெட்டத் தர ஓடிவருவாரு'ன்னு போன வாரம் சுலைகா லாத்தாதான் வந்து மாத்தச் சொன்னாங்க."